ஊர் நகைத்தது, உலகம் வணங்கியது
(அறிஞர் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை)

மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியர்



உருவத்தைக் கண்டு ஒருவரை இகழலாகாது என்று திருவள்ளுவப் பெருந்தகை நமக்குச் சொல்லிச் சென்றார். உருண்டோடும் பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் அவரே உவமையாகக் காட்டினார். ஆண்டுதோறும் சங்கரன்கோவில் தேரோட்டத்தைக் காணும் நமக்கு அந்த உவமையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், தேர்வில் அந்தக் குறளுக்கு முழு மதிப்பெண் பெற்ற நாங்களே அதை வாழ்க்கையில் மறந்து போனோம். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டே இந்தக் கட்டுரையைத் தொடங்க விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் புதிதாக ஒரு தோழி சேர்ந்தாள். கணக்கில் சூட்டிகை, கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும். ஆனால் ஓயாமல் கண்களைச் சிமிட்டுவாள். தோளைக் குலுக்கிக் கழுத்தை ஒரு பக்கமாக வெட்டுவாள். இடையிடையே அவளது தொண்டையிலிருந்து கீச்சென்று ஓர் ஒலி எழும். காலை வழிபாட்டில் பள்ளி முழுவதும் அமைதியாக நிற்கையில் அந்த ஒலி மட்டும் தனியே கேட்கும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்களில் சிலர் இடைவேளையில் அவளைப் போலவே கழுத்தை வெட்டி நடித்தும் காட்டினோம். கோட்டி என்று பெயரும் வைத்தோம். ஒரு திங்கட்கிழமையன்று அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பள்ளியை விட்டே நிற்கப் போகிறாள் என்று செய்தி வந்தது.

எங்கள் ஆங்கில ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. மேசையின் மேலிருந்த ஆங்கில அகராதியைக் கையில் எடுத்தார். இத்தகைய அகராதிகளுக்கெல்லாம் வழிகாட்டிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லப் போகிறேன், முடிந்த பிறகு சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம் என்றார். அன்று கேட்டதையும், பின்னர் நாங்கள் தேடிப் படித்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லிச்ஃபீல்டு என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே 1709-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள், புத்தக வணிகர் மைக்கேல் ஜான்சனுக்கும் அவர் மனைவி சாராவுக்கும் மூத்த மகனாகச் சாமுவேல் ஜான்சன் பிறந்தார். தாய்க்கு அப்போது நாற்பது வயது. குழந்தை நலிந்து பிறந்தது. பிழைக்குமோ பிழைக்காதோ என்று வீட்டார் கலங்கினர். சிறிது காலத்திற்குள் கண்டமாலை என்னும் கழுத்துக் கழலை நோய் பற்றிக்கொண்டது. அதன் வடுக்கள் முகத்திலும் கழுத்திலும் நிலைத்துவிட்டன. ஒரு கண் ஏறக்குறையப் பார்வை இழந்தது. செவிப்புலனும் குறைந்தது.

அரசரோ அரசியோ கையால் தொட்டால் கண்டமாலை குணமாகும் என்று அந்நாட்டு மக்கள் அக்காலத்தில் நம்பினர். நம்மூரில் சங்கரநாராயணர் கோவில் புற்றுமண்ணைப் பூசினால் நோய் நீங்கும் என்று பலர் நம்பி வருவதை நாம் அறிவோம். பிள்ளை நோயால் வாடும்போது தாயின் உள்ளம் எங்கெல்லாம் ஓடும்! சாரா அம்மையார் 1712-இல் தம் மகனைத் தூக்கிக்கொண்டு லண்டன் மாநகருக்கே போனார். ஆன் அரசியார் குழந்தையைத் தொட்டு, சிறு பொற்காசு ஒன்றை அணிவித்தார். நோய் தீரவில்லை. ஆனால் அந்தக் காசை ஜான்சன் தம் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் அணிந்திருந்தார்.

பள்ளியில் அவருக்கு இணையான நினைவாற்றல் உள்ளவர் இல்லை. பாடத்தில் அவர் செய்யும் உதவிக்கு நன்றியாக உடன் பயிலும் சிறுவர் மூவர் காலையில் அவர் வீட்டுக்கு வருவார்கள். ஒருவன் முதுகில் அவரைச் சுமக்க, மற்ற இருவரும் இருபுறமும் தாங்கிக்கொள்ள, ஊர்வலம் போல அவரைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார்கள். தோழியரே! அந்தச் சிறுவர்களும் எங்களைப் போன்ற வயதினரே. அவர்கள் தோள் கொடுத்தார்கள். நாங்கள் பட்டப்பெயர் கொடுத்தோம்.

தந்தையின் கடைதான் அவருக்கு இரண்டாம் பள்ளி. ஒருமுறை தம்பி ஒளித்து வைத்த ஆப்பிள் பழங்களைத் தேடி உயரமான அலமாரியில் ஏறியவர், பழத்துக்குப் பதிலாக இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் நூலைக் கண்டெடுத்துப் பசியையும் மறந்து படித்தாராம். 1728-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். வறுமை துரத்தியது. அவருடைய காலணி கிழிந்து விரல்கள் வெளியே தெரிந்தன. இரக்கப்பட்ட ஒருவர் புதிய காலணிகளை அறை வாசலில் வைத்துவிட்டுப் போக, தன்மானம் மிக்க ஜான்சன் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டார். பதின்மூன்று மாதங்களில் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். 1731-இல் தந்தையும் மறைந்தார்.

மூடிய பள்ளிக் கதவுகள்

இந்த இளமைக் காலத்திலேயே அவரிடம் விந்தையான சில அசைவுகள் நிலைபெற்றிருந்தன. தலை தானாக ஆடும். முகம் கோணும். கைகளும் கால்களும் திடீரென வெட்டி இழுக்கும். உடல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

படித்தவருக்கு ஆசிரியர் பணிதானே உகந்தது! 1735-இல் சோலிஹல் என்ற ஊரில் தலைமையாசிரியர் இடம் காலியாக இருந்தது. ஜான்சனின் புலமையை நிர்வாகத்தார் ஒப்புக்கொண்டனர். ஆயினும் அவர் செருக்குள்ளவர் என்று கேள்விப்படுவதாகவும், அவர் முகம் கோணுவது அவரால் தவிர்க்க இயலாதது என்றாலும் பிள்ளைகளைப் பாதிக்கக்கூடும் என்றும் சொல்லி மறுத்துவிட்டனர். தவிர்க்க இயலாதது என்று தெரிந்தே மறுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பிரூவுட் என்ற ஊரின் பள்ளியிலும் இதே கதைதான். மாணவர்கள் அவரைப் பார்த்து நடித்துக் கேலி செய்வார்கள் என்று அந்தத் தலைமையாசிரியர் அஞ்சினார். கேலி செய்பவரைத் திருத்துவதை விட, கேலிக்கு ஆளாகிறவரை ஒதுக்குவது எளிது போலும்!

அந்த 1735-ஆம் ஆண்டில்தான் அவரது முதல் நூல் வெளிவந்தது. ஜெரோனிமோ லோபோ என்ற போர்த்துகீசிய இயேசு சபைக் குருவானவர் அபிசீனிய நாட்டில் தாம் கண்டவற்றை எழுதிய பயணநூலின் மொழிபெயர்ப்பு அது. நம் கோவா நகருக்கும் வந்து சென்ற குருவானவர் அவர்.

எலிசபெத் போர்ட்டர் என்ற கைம்பெண் அம்மையாரைச் சந்தித்ததும் இக்காலத்திலேதான். முதல் நாளில் ஜான்சனின் வடு நிறைந்த முகத்தையும் திடீர் அசைவுகளையும் கண்டவர்கள் திகைத்தனர். எலிசபெத் அம்மையாரோ அவர் பேச்சில் ஈடுபட்டு மற்றவற்றை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. தாம் வாழ்நாளில் கண்ட மனிதருள் இவரே நல்லறிவு மிக்கவர் என்று தம் மகளிடம் சொன்னாராம். 1735 ஜூலைத் திங்களில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அம்மையாருக்கு நாற்பத்தாறு வயது, ஜான்சனுக்கு இருபத்தைந்து.

பிறர் பள்ளியில் இடமில்லை என்றதும், மனைவியின் பணத்தைக் கொண்டு லிச்ஃபீல்டுக்கு அருகே எடியல் என்ற இடத்தில் ஜான்சன் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். மிகச் சில மாணவர்களே சேர்ந்தனர். அவர்களுள் ஒருவன் டேவிட் கேரிக். ஆசிரியரின் முகக் கோணலையும் நடையையும் அப்படியே நடித்துக் காட்டித் தோழர்களைச் சிரிக்க வைப்பதில் அவன் கைதேர்ந்தவன். பள்ளி நீடிக்கவில்லை. 1737 மார்ச்சுத் திங்களில் ஆசிரியரும் அந்த மாணவனும் சேர்ந்தே பிழைப்புத் தேடி லண்டனுக்குப் புறப்பட்டனர். பிற்காலத்தில் கேரிக் இங்கிலாந்தின் தலைசிறந்த நாடக நடிகரானார். இருவரிடையே ஊடல்கள் இருந்தாலும் நட்பு முறியவில்லை.

அகராதிப் பணி

லண்டனில் ஜான்சன் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தார். வாடகைக்குப் பணமின்றி இரவெல்லாம் தெருக்களைச் சுற்றிய நாட்களும் உண்டு. 1746-இல் புத்தக வெளியீட்டாளர்கள் சிலர் சேர்ந்து, ஆங்கில மொழிக்கு ஒரு பேரகராதி செய்து தரும்படி அவரிடம் ஒப்பந்தம் செய்தனர். ஊதியம் 1575 பவுன். மூன்றாண்டுகளில் முடிப்பதாக அவர் வாக்களித்தார். பிரெஞ்சு நாட்டில் நாற்பது அறிஞர்கள் நாற்பது ஆண்டுகள் உழைத்த வேலையை ஒருவர் மூன்றாண்டில் செய்வதா என்று நண்பர்கள் வியந்தனர். உண்மையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின.

கஃப் சதுக்கத்தில் 17-ஆம் எண் வீட்டின் மாடியறையே அவர் பட்டறை. எழுத்தர் அறுவர் உதவிக்கு இருந்தனர். ஜான்சன் நூல்களைப் படித்துச் சொல்லுக்கு அடியில் கோடிடுவார். எழுத்தர்கள் அந்த வரியைத் தாளில் பெயர்த்து எழுதி அகரவரிசைப்படுத்துவார்கள். சொல்லின் பொருளை நல்ல நூல்களில் அது ஆளப்பட்ட இடங்களைக் கொண்டே நிறுவுவது அவர் முறை. வேலை நடுவில் இருக்கையில், 1752-இல், அன்பு மனைவி காலமானார். அந்தத் துயரிலும் பணி தொடர்ந்தது. 1755 ஏப்ரல் 15-ஆம் நாள் அகராதி வெளிவந்தது. சொற்கள் 42,773. மேற்கோள்கள் ஏறத்தாழ 1,14,000. பட்டம் பெறாது வெளியேறியவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு முதுகலைப் பட்டம் வழங்கிற்று. டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரி 1765-இல் டாக்டர் பட்டம் அளித்தது.

இதே நூற்றாண்டில் நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி புரிந்த வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டிலேயே சதுரகராதியைத் தமிழுக்கு அளித்துவிட்டார் என்பதை இங்கே நினைப்பது நமக்குப் பெருமை. ஒரே காலத்தில் இரு மொழிகளுக்கு இரு தனி மனிதர்கள் தொண்டு செய்தனர்!

தெருவிலும் சபையிலும்

புகழ் வந்தது, அசைவுகள் போகவில்லை. அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல்லும் நண்பர்கள் பிறரும் கண்டதைக் கண்டபடி குறித்து வைத்துள்ளனர். ஓய்வாக அமர்ந்திருக்கையில் தலையைத் தோள்பக்கம் சாய்த்து ஆட்டுவார். உடலை அசைத்தபடி முழங்காலைத் தேய்ப்பார். வாயால் கோழி கொக்கரிப்பது போன்ற ஒலி எழுப்புவார். சில சமயம் மெல்லச் சீட்டியடிப்பார். நீண்ட பேச்சு முடிந்ததும் திமிங்கிலம் போலப் பெருமூச்சை ஊதுவார். கர்த்தர் கற்பித்த செபத்தின் துண்டுகளைத் தம்மையறியாமல் முணுமுணுப்பார். வாசலைக் கடக்குமுன் இத்தனை அடி, இன்ன கால் முதலில் என்று கணக்கு உண்டு. தவறினால் திரும்பிப் போய் மீண்டும் நடந்து வருவார். தெருவோரத் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடப்பார்; ஒன்று விடுபட்டால் திரும்பிச் சென்று தொட்டுவிட்டுத்தான் வருவார். அவரை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூட்டம் கூடியதும் உண்டு.

ஒருநாள் புகழ்பெற்ற ஓவியர் ஹோகார்த், எழுத்தாளர் ரிச்சர்ட்சன் வீட்டுக்குப் போனார். சன்னலோரம் ஒருவர் தலையை ஆட்டி உடலைச் சுழற்றிக்கொண்டு நின்றார். அறிவு குன்றிய ஒருவரை அவருடைய உறவினர் ரிச்சர்ட்சனின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று ஹோகார்த் நினைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அந்த மனிதர் முன்னே வந்து, அரசர் ஒருவருக்கு விதித்த மரண தண்டனையைக் கண்டித்துப் பேசத் தொடங்கினார். ஹோகார்த் வாயடைத்துப் போனார். அந்தப் பேதைக்கு அந்நேரத்தில் தெய்வ அருள் வந்து இறங்கியதோ என்று மயங்கினாராம்! அவர்தான் ஜான்சன்.

இன்னொரு நிகழ்ச்சி எங்கள் மனத்தைத் தொட்டது. கவிஞர் கிறிஸ்டபர் ஸ்மார்ட்டின் உறவினளான ஒரு சிறுமி, பெரியவர்கள் யாரும் கேட்கத் துணியாததை நேராகவே கேட்டுவிட்டாள்: ஏன் இப்படியெல்லாம் அங்க சேட்டை செய்கிறீர்கள் என்று. ஜான்சன் சினம் கொள்ளவில்லை. அது கெட்ட பழக்கத்தால் வந்தது, நீயாவது கெட்ட பழக்கங்கள் வராமல் பார்த்துக்கொள் குழந்தாய் என்று அன்போடு விடையளித்தார்.

அந்த விடை அன்பானது, ஆனால் சரியானதன்று. அகராதியில் நாற்பதாயிரம் சொற்களுக்குப் பொருள் சொன்ன அந்த மேதைக்குத் தம் உடலின் துன்பத்துக்கு உரிய பெயர் தெரியவில்லை. தெரியாததால், பழியைத் தம் மீதே சுமத்திக்கொண்டார்.

நூறாண்டுக்குப் பின் கிடைத்த பெயர்

1885-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் ஷில் தெ லா டூரெட் என்ற மருத்துவர் இத்தகைய அசைவும் ஒலியும் உடைய ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே இது டூரெட் நோய்க்குறி எனப்படுகிறது. இத்தகைய அசைவுகளையும் ஒலிகளையும் மருத்துவர்கள் டிக் என்று அழைக்கின்றனர். ஜான்சனுக்கு இருந்தது இதுவே என்று கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் மரே 1979-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விளக்கினார். இறந்தவரைச் சோதித்துப் பார்க்க முடியாதுதான். ஆனால் நண்பர்கள் எழுதி வைத்த குறிப்புகள் அவ்வளவு தெளிவாக உள்ளன. எண்ணி நடப்பதும் தூணைத் தொடுவதும் கூட இந்நோய்க்குறியோடு அடிக்கடி சேர்ந்து வரும் கட்டாய உணர்வின் விளைவுகளே.

மருத்துவர்கள் இன்று சொல்வது என்ன? பதினெட்டு வயதுக்குள் தொடங்கி, உடலசைவு டிக்குகள் பலவும் ஒலி டிக் ஒன்றாவதும் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தால் அது டூரெட் எனப்படும். பெரும்பாலும் ஐந்தாறு வயதில் கண் சிமிட்டலாகத் தொடங்கி, பத்து முதல் பன்னிரண்டு வயதில் மிகுந்து, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். ஆண் பிள்ளைகளிடம் மிகுதி. பெண் பிள்ளைகளுக்கும் வரும். மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்பு இணைப்புகளின் மாறுபாடே காரணம். குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. இது பேயுமன்று, கோட்டியுமன்று, தாயின் வளர்ப்புக் குறையுமன்று. ஒட்டுவாரொட்டியும் அன்று. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் சில வேளை அவளால் அடக்க முடிகிறதே, வேண்டுமென்றுதானே செய்கிறாள் என்று நாங்கள் கேட்டோம். ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸும் தம் நண்பர் ஜான்சனைப் பற்றி அப்படித்தான் நினைத்தார். அசையாதிரு என்றால் அவரால் அசையாதிருக்க முடிகிறது, ஆகவே இது பழக்கமே என்று முடிவு கட்டினார். தோழியரே, தும்மலை நினைத்துப் பாருங்கள். மூக்கு நமநமக்கிறது, சிறிது நேரம் அடக்கலாம். ஆனால் அடக்கும்போது வேறெதிலும் மனம் செல்லாது. இறுதியில் தும்மியே ஆக வேண்டும். டிக்கும் அப்படித்தான். முதலில் உள்ளே ஓர் அரிப்புப் போன்ற உந்துதல் எழும். அசைந்த பிறகே அது தணியும். வகுப்பில் அசையாமல் இருக்கும் பிள்ளை, பாடத்தைக் கேட்கவில்லை, தன்னோடு போராடிக்கொண்டிருக்கிறது. களைப்பும் அச்சமும் பிறர் உற்றுப் பார்ப்பதும் டிக்கை மிகுவிக்கும். மனம் விரும்பிய செயலில் ஆழ்ந்தால் அது குறையும். உரையாடலில் மூழ்கியபோது ஜான்சனின் அசைவுகளும் அடங்கின என்று ரெனால்ட்ஸே கூறியுள்ளார்.

இப்போது நல்ல பயிற்சி முறைகள் உள்ளன. உந்துதல் வருவதை முன்னதாக உணரவும், கழுத்து வெட்டப் போகிறது என்றால் தாடையை மெல்லத் தாழ்த்திக் கழுத்துத் தசையை அசையாமல் பிடித்து வைக்கவும், பயிற்றுநர் கற்றுக்கொடுப்பார். அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. இப்பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முன்னேற்றம் கண்டனர். ஆறுதலும் அறிவுரையும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே முன்னேறினர். மிகுந்த தொல்லை தரும் டிக்குக்கு மருந்துகளும் உண்டு. தொல்லை தராத டிக்குக்கு மருந்தே வேண்டியதில்லை. சுற்றியிருப்போரின் புரிதலே போதும். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டினால், நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ போக வேண்டுமா என்று அவரே வழி சொல்வார்.

ஜான்சனின் இல்லம்

ஒதுக்கப்படுவதன் வலியை அறிந்தவர் பிறரை ஒதுக்கவில்லை. அவருடைய வீடு திக்கற்றோரின் புகலிடமாயிற்று. பார்வையிழந்த கவிஞர் அன்னா வில்லியம்ஸ் அம்மையாருக்குப் பல்லாண்டுகள் இடமளித்தார். இரவு எத்தனை நேரமானாலும் வந்து அவரோடு தேநீர் அருந்துவார். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த இராபர்ட் லெவெட் அங்கேயே தங்கினார். ஜமைக்காத் தீவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் என்ற சிறுவன் 1752-இல் பணிக்கு வந்தான். ஜான்சன் அவனைத் தம் செலவில் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். இறுதியில் தம் சொத்தின் பெரும்பகுதியை அவனுக்கே எழுதி வைத்தார். தெருவில் மயங்கிக் கிடந்த பெண்ணொருத்தியை முதுகில் சுமந்து வந்து காப்பாற்றினார். கடைவாசலில் உறங்கும் அநாதைச் சிறுவர்களின் கையில், விடிந்ததும் உண்ண உதவட்டும் என்று, காசு வைத்துவிட்டுப் போவார். ஹாட்ஜ் என்ற தம் பூனைக்குச் சிப்பி இறைச்சி வாங்க அவரே கடைக்குப் போவார்; வேலைக்காரரை அனுப்பினால் அவருக்கு அந்தப் பூனை மேல் வெறுப்பு வந்துவிடுமாம்!

அவரிடம் குறைகளும் இருந்தன. முன்கோபி, வாதத்தில் எதிரியை நொறுக்காமல் விடமாட்டார். மனச்சோர்வு அவரை வாட்டியது. தனிமையும் சோம்பலும் அதை வளர்க்கும் என்று உணர்ந்து, நண்பர் கூட்டத்தை நாடினார்; மனம் கலங்கும்போது கணக்குப் போட்டு அதை நிலைப்படுத்தினார்.

இறுதி நாட்கள்

இளமையில் ஒருநாள் அவருடைய தந்தை உடல் நலமின்றி, உட்டாக்ஸிட்டர் சந்தையில் புத்தகக் கடையைப் பார்த்துக்கொள்ளும்படி மகனை வேண்டினார். செருக்கினால் ஜான்சன் மறுத்துவிட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, புகழின் உச்சியில் இருந்த அந்த முதியவர், அதே சந்தைக்குப் போய், தந்தையின் கடை இருந்த இடத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு மழையில் நெடுநேரம் நின்றார். சுற்றியிருந்தோர் அன்றும் ஏளனமாகப் பார்த்திருக்கலாம். பிறர் சிரிப்பை அவர் வாழ்நாளெல்லாம் கண்டவர்; இம்முறை தாமே விரும்பி அதை ஏற்றுக்கொண்டார்.

1784 டிசம்பர் 13-ஆம் நாள் ஜான்சன் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. அருகிலேயே உறங்குபவர் யார் தெரியுமா? சாவித் துவாரம் வழியே பார்த்து அவரை நடித்துக் காட்டிய மாணவர் டேவிட் கேரிக்!

நாம் கற்ற பாடம்

வகுப்பு முடிந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று மாலையே எங்களில் ஐவர் அத்தோழியின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தும் சொல் வரவில்லை. அவளுடைய அம்மா எங்களுக்குக் காப்பி கொடுத்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை ஊருக்குப் போய் எத்தனை கயிறு கட்டினார்கள், எத்தனை பேர் அடித்துத் திருத்தச் சொன்னார்கள் என்பதையெல்லாம் அன்றுதான் கேட்டோம். மறுவாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். டிக்கும் கூடவே வந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? பெரிதாக எதுவும் செய்யவில்லை. நம்மூரில் விசைத்தறி ஓடும் தெருக்களைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வந்த விருந்தாளிக்கு அந்தச் சத்தத்தில் உறக்கம் வராது. அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அது காதிலேயே விழாது. அந்தச் சத்தத்தினூடே பேசுவார்கள், பிள்ளைகள் படிப்பார்கள். நாங்களும் அவ்வாறே பழகிக்கொண்டோம். அவள் கழுத்து அசைந்தால் நாங்கள் திரும்புவதில்லை. ஒலி எழுந்தால் பேச்சை நிறுத்துவதில்லை. மிகவும் முடியாதபோது ஆசிரியையிடம் கேளாமலே சற்று வெளியே போய்வர அவளுக்கு அனுமதி உண்டு. அரையாண்டுத் தேர்வை அவள் தனியறையில் எழுதினாள். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். டிக் மறைந்துவிடவில்லை, ஆனால் உற்றுப் பார்க்கும் கண்கள் குறைந்ததும் அதுவும் சற்றுத் தணிந்திருக்கிறது என்று அவளே சொல்கிறாள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடமே காட்டினோம். நோயை வென்ற மேதை என்று முதலில் தலைப்பிட்டிருந்தோம். அவள் அதை அடித்துவிட்டாள். ஜான்சன் அதை வெல்லவில்லை, எழுபத்தைந்து ஆண்டுகள் அதோடுதான் வாழ்ந்தார், எழுதினார், பிறரையும் வாழ வைத்தார். வெல்ல வேண்டியது அவர் இல்லை, பார்த்துச் சிரித்தவர்கள்தான் என்றாள். அவள் திருத்தியபடியே தலைப்பை மாற்றினோம்.

ஆகவே அன்புத் தோழியரே, உங்கள் வகுப்பிலும் கண் சிமிட்டும் ஒரு தங்கை இருக்கலாம். உங்கள் தெருவிலும் தோள் குலுக்கும் ஒரு தம்பி இருக்கலாம். அவர்களைச் சுமக்க முதுகு வேண்டாம். அருகில் ஓர் இடம் போதும். நாளைக் காலை வழிபாட்டில் பள்ளி முழுதும் அமைதியாக நிற்கையில் கீச்சென்று ஓர் ஒலி கேட்டால், திரும்பாமல் நின்று செபத்தைத் தொடர்வோமாக!